மணிக்கட்டுக்காக வாங்கிய மூன்று பந்துகள்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலையில், சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளப் படிக்கட்டில் கால் வழுக்கியது. விழும்போது வலக்கையை ஊன்றிவிட்டேன். மணிக்கட்டை ஒட்டி ஆரை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது வெளியே வந்த கை மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய கையோ போலிருந்தது. கதவுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை, ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை, இடியாப்ப அச்சை அழுத்துவதைப் பற்றி நினைக்கவே முடியவில்லை. மருத்துவமனையில் பிடிவலிமையை அளக்கும் கருவியை அழுத்தச் சொன்னார்கள். இடக்கை 22 கிலோ காட்டியது, வலக்கை 9 கிலோ காட்டியது. முதுமையில் தசை இழப்பதை ஆராயும் ஆசிய மருத்துவக் குழுவொன்று 2019இல் வகுத்த வரையறைப்படி, பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே இறங்கினால் அது பலவீனமான பிடி. அதில் பாதிதான் என்னிடம் இருந்தது. எனக்கு அப்போது வயது 53.

கை சிகிச்சையாளர் இரண்டு சந்திப்புகளில் சொல்லிக்கொடுத்தவை எளிய பயிற்சிகள்தாம்: பிசைமாவு போன்ற ஒரு களியை அழுத்துவது, மேசை விளிம்பில் முன்கையை வைத்து மணிக்கட்டை மெல்ல மேலும் கீழும் அசைப்பது, விரல்களைச் சுற்றி ரப்பர் வளையத்தைப் போட்டு விரிப்பது. மூன்றாவது சந்திப்புக்கு நான் போகவில்லை. அலுவலகத்தில் விடுப்பு எடுக்கத் தயக்கம். அதைவிட, ஐம்பது வயதைக் கடந்தவள் குழந்தையைப் போலக் களியைப் பிசைந்துகொண்டிருப்பதில் ஒரு கூச்சம். இந்தத் தவறுக்கு வேறு யாரையும் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. பின்னால் நேர்ந்ததெல்லாம் நான் போகாமல் விட்ட அந்த மூன்றாம் சந்திப்பில் தொடங்கியதுதான்.

அலுவலகத்தில் என்னைவிட இருபது வயது இளையவர் ஒருவர், பூப்பந்து ஆடுபவர், உள்ளே சக்கரம் சுழலும் கைப்பயிற்சிப் பந்து ஒன்றை மேசையில் வைத்திருந்தார். ஒரு நாள் அதன் துளையில் ஒரு கயிற்றைச் செருகிச் சுற்றி, சுண்டி இழுத்து, சுழலத் தொடங்கிய பந்தை என் இடக்கையில் வைத்தார். "அக்கா, மணிக்கட்ட மட்டும் வட்டமா ஆட்டுங்க, அதுவே புடிச்சிக்கும்" என்றார். வண்டு முரல்வது போன்ற ஓசை எழுந்தது, பந்து உயிருள்ளது போலக் கையை அப்படியும் இப்படியும் இழுத்தது, அரை நிமிடத்தில் முன்கை முழுவதும் சூடேறிவிட்டது. களியைப் பிசைவதில் இல்லாத கிளர்ச்சி அதில் இருந்தது. இது நேற்று வந்த கருவியன்று. அமெரிக்கரான ஆர்ச்சி மிஷ்லர் 1973இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்; டைனாபீ என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. இன்று எந்த நிறுவனம் செய்தாலும் பலரும் அதைப் பவர்பால் என்றே சொல்கிறார்கள். அன்றிரவே, எதையும் படிக்காமல், இணையச் சந்தையொன்றில் மிக மலிவாகக் கிடைத்ததை 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 90 காசுக்கு வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து அனுப்பினார்கள், வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று.

அந்தப் பந்து ஒன்பது நாள்தான் உழைத்தது. ஓட்டின் இரு பாதிகளும் சேரும் இடம் சரியாகப் பொருந்தாததால், சுழலும்போது பந்து முழுவதும் அதிர்ந்தது. சத்தமோ மாவரைக்கும் இயந்திரத்தைத் தோற்கடிக்கும். இரவு பத்து மணிக்கு மேல் சுழற்றினால் அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று போர்வைக்குள் கையை வைத்துச் சுழற்றியதும் உண்டு. சத்தத்தைக் குறைப்பதற்காக நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம்: தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை இரண்டு சொட்டு உள்ளே விட்டேன். அதன் பிறகு அது பந்தாகவே இல்லை. கயிற்றை இழுத்தால் சக்கரம் சுழலும், நான் கையை எவ்வளவு ஆட்டினாலும் வேகம் பிடிக்காது, பத்து விநாடியில் அடங்கிவிடும். துடைத்துப் பார்த்தேன், சோப்பு நீரில் கழுவிக்கூடப் பார்த்தேன். பயனில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தான். "பெரியம்மா, இதுக்கு எண்ணெய்தான் விஷம்" என்று சொல்லிவிட்டு அவன் விளக்கியதை, இந்தப் பந்தை வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஓட்டுக்குள் ஒரு சக்கரம் இருக்கிறது. அதன் அச்சின் இரு முனைகளும் ஓட்டின் உட்புறத்தைச் சுற்றி ஓடும் ஒரு காடியில், அதாவது குறுகிய பள்ளத்தில், உட்கார்ந்திருக்கின்றன. வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால், அது நாம் சாய்க்கும் திசையில் பணியாமல், அதற்குக் குறுக்கான திசையில் திரும்ப முயலும். சாய்ந்த பம்பரம் விழுந்துவிடாமல் தலையைச் சுற்றுவதும் இதே காரணத்தால்தான். அப்படித் திரும்பும்போது அச்சின் ஒரு முனை காடியின் மேல்விளிம்பையும் மறுமுனை கீழ்விளிம்பையும் அழுத்திக்கொண்டு உருள்கின்றன, அந்த உருளல் சக்கரத்தை மேலும் முடுக்குகிறது. மணிக்கட்டைச் சரியான தாளத்தில் வட்டமிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போவது இதனால்தான். உருள்வதற்கு உராய்வு வேண்டும். எண்ணெய் விட்டால் முனைகள் உருளாமல் வழுக்குகின்றன. ஆகவே எந்தப் பந்தாயினும் உள்ளே எண்ணெயோ மெழுகோ விடாதீர்கள்; உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவன் சொன்ன இன்னொன்றை அன்று நான் காதில் வாங்கவில்லை. சக்கரத்தின் வேகம் கூடும்போது அச்சு காடியைச் சுற்றிவரும் வேகமும் அதே அளவில் கூடுகிறது. கையை முறுக்கும் விசையோ இவ்விரண்டின் பெருக்கத்தைப் பொறுத்தது. எனவே வேகம் இரு மடங்கானால் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் குழந்தை விளையாட்டாகத் தெரியும் பந்து, 8,000 சுற்றில் நான்கு பந்துகளின் விசையோடு கையை இழுக்கும். அதாவது, கடையில் எந்தப் பந்தை வாங்குகிறோம் என்பதைவிட, வீட்டில் அதை எந்த வேகத்தில் சுழற்றுகிறோம் என்பதே நமக்குக் கிடைக்கும் சுமையைத் தீர்மானிக்கிறது. நான் நினைத்ததோ நேர்மாறாக: பந்து கனமாக இருந்தால் பலனும் கனமாக இருக்கும் என்று.

நவம்பர் 11ஆம் தேதித் தள்ளுபடியில், இம்முறை உள்ளூர்க் கடையொன்றில், வெளி ஓடு, சக்கரம் இரண்டும் உலோகத்தாலான ஒரு பந்தை 118 வெள்ளி கொடுத்து வாங்கினேன். பளபளப்பாக, நகைப்பெட்டியில் வைக்கத் தகுந்ததாக இருந்தது. கயிறு தேவையில்லை, சக்கரத்தைப் பெருவிரலால் சில சுற்றுத் திருகி விட்டால், உள்ளிருக்கும் சுருள்வில் தானே சக்கரத்தைக் கிளப்பிவிடும். இந்த ஏற்பாடு மட்டும் உண்மையிலேயே நல்லது. கயிற்றை இழுப்பதற்கு ஒரு கை பந்தை இறுக்கிப் பிடிக்கவும் மறுகை வெடுக்கென்று சுண்டவும் வேண்டும். அடிபட்ட கை உள்ளவர்களுக்கு இரண்டுமே துன்பம். மற்றபடி, அந்தப் பந்து என் கைக்கு ஏற்றதே அன்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து உலோகம் வழுக்கியது. இரண்டாம் வாரத்தில் பந்து கைதவறி விழுந்து, சமையலறைத் தரையில் பதித்த ஓடு ஒன்று விரிசல் விட்டது. அன்றிலிருந்து மெத்தைக்கு மேலே கையை நீட்டிச் சுழற்றினேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் ரப்பர் பட்டை சுற்றியதாகவும், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வார் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். பருமனையும் கவனியுங்கள்: பெரும்பாலான பந்துகள் ஏறத்தாழ ஒரு டென்னிஸ் பந்தின் அளவு இருக்கும். கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் பாதிக்கு மேல் சுற்றிவரவில்லை என்றால், சுழலும்போது அதைப் பிடித்து வைப்பதற்கே உங்கள் பலம் முழுவதும் செலவாகிவிடும்.

அந்தப் பந்தில் சுற்றுகளை எண்ணும் திரை கிடையாது. அத்தகைய திரை இளைஞர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுவதற்கான விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, அது உள்ள மாதிரியை வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஆகவே நான் எந்த வேகத்தில் சுழற்றினேன் என்பது எனக்கே தெரியாது. சத்தம் கூடக் கூட மகிழ்ந்தேன். நாளைக்கு இருபது நிமிடம், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே, ஒரு நாளும் விடாமல் சுழற்றினேன். இடையில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனபோது 19 வெள்ளி 90 காசுக்கு விசையைக் கூட்டிக் குறைக்கும் அழுத்துக் கருவி ஒன்றையும் வாங்கி, பந்து முடிந்ததும் அதையும் அழுத்தினேன். டிசம்பர் நடுவில் பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக, ஒரு குத்தல் தொடங்கியது. பலம் ஏறும்போது வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்தேன். 2024 பொங்கலன்று காலையில் பானையிலிருந்து அகப்பையால் ஒரு கரண்டி பொங்கல் எடுத்தேன். மின்சாரம் பாய்ந்ததுபோல வலி முழங்கை வரை ஓடியது, அகப்பை கீழே விழுந்தது. வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலும்பு முறிந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடி, முட்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். சாய்ப்பதற்குள் கத்திவிட்டேன். டி குவர்வேன் நோய் என்றார். 1895இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஒருவர் விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன; பெருவிரலால் இறுக்கிப் பிடித்தபடி மணிக்கட்டைப் பக்கவாட்டில் ஓயாமல் ஆட்டினால் உறை தடித்து, நாண்கள் உள்ளே உரசத் தொடங்கிவிடும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மாருக்கு இது அதிகம் வரும் என்றும் சொன்னார். நான் தூக்கியது குழந்தையன்று, 118 வெள்ளிப் பந்து. இறுக்கிப் பிடிப்பது, பக்கவாட்டில் ஆட்டுவது, ஓயாமல் ஆட்டுவது ஆகிய மூன்றையும் அந்தப் பந்து ஒரே நேரத்தில் செய்யவைத்தது. பெருவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்டை ஆறு வாரம் போட்டுக்கொண்டேன். ஓராண்டுக்குள் இரண்டாம் முறையாக வலக்கை கட்டுக்குள் போனது.

அந்த வாரங்களில், தங்கை மகன் ஆசைப்பட்டு உலோகப் பந்தைத் திருகியபோது உள்ளிருந்த சுருள்வில் பிடி விட்டுப்போனது. வாங்கி மூன்று மாதமே ஆகியிருந்தும், ஏழு நாளுக்குள்தான் மாற்றித் தருவோம் என்றார் கடைக்காரர். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை பொருளைக் கையில் கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படியில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு விற்றவருடையது. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ நாம் கேட்கலாம். இதைச் சொல்லி, ரசீதின் படத்தோடு எழுத்தில் அனுப்பிய பின் புதிய பந்து வந்தது. அது இப்போது தங்கை மகனிடம் இருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் மலிவாக வாங்கிய முதல் பந்துக்கு இப்படிக் கேட்க எனக்கு ஆளே அகப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பத்து வெள்ளி கூடுதலானாலும் உள்ளூரில் ரசீதோடு வாங்குவதே மேல்.

மார்ச் மாதம் கை சிகிச்சையாளரிடம் மறுபடியும் போனேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பிடிவலிமை 10 கிலோ. ஏழு மாத உழைப்புக்கு ஒரு கிலோ. "உங்களால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை?" என்று மட்டும் கேட்டார். சாவியைத் திருப்புவது, துணி பிழிவது, அச்சை அழுத்துவது என்று சொன்னேன். அவர் அவற்றைப் பிரித்துக் காட்டியபோதுதான் எனக்குக் கண் திறந்தது. சாவியும் புட்டி மூடியும் முன்கையை உள்ளும் புறமும் திருப்பும் வேலை. அதற்கு ஒரு சாதாரணச் சுத்தியலைப் பிடியின் நடுவில் பற்றி, மேசை விளிம்பில் கையை வைத்து இடமும் வலமும் மெல்லச் சாய்த்தால் போதும், பலம் ஏறும்போது பிடியின் நுனிப்பக்கம் நகர்ந்து பிடிக்கலாம். அச்சை அழுத்துவதும் துணியைப் பிடிப்பதும் விரல்களை மூடும் வேலை. அதற்குக் களியும், பின்னால் அழுத்துக் கருவியும். பந்து செய்வது வேறு. சுழலும்போது விரல்கள் மூடித் திறப்பதில்லை, ஒரே நிலையில் பிடித்துக்கொண்டிருக்கின்றன; மணிக்கட்டுதான் எல்லாத் திசையிலும் வேலை செய்கிறது. எனவே நீண்ட நேரம் தாங்கும் திறனையும் மணிக்கட்டின் கட்டுப்பாட்டையும் அது வளர்க்கும். நசுக்கும் பிடியை அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே. பெட்டியின் மேல் 'பிடிவலிமைக்கு' என்று அச்சிட்டிருந்ததை நம்பி, விரல்களுக்குச் சேர வேண்டிய பயிற்சியை மணிக்கட்டின் தலையில் கட்டியிருந்தேன்.

பந்தே வேண்டாமா என்று கேட்டேன். வலி நின்று, களியை நோகாமல் அழுத்த முடிந்த பிறகு, மெதுவாகச் சுழற்றலாம் என்றார். அந்த ஆண்டு மே மாதம், இம்முறை கடையில் கையில் பிடித்துப் பார்த்தே, பிளாஸ்டிக் சக்கரம், சுருள்வில் தொடக்கம், ரப்பர் பட்டை, சுற்றுகளை எண்ணும் திரை ஆகியவற்றோடு 52 வெள்ளிக்கு வாங்கினேன். நான் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தத் திரைதான் இதில் எனக்கு மிகப் பெரிய துணை. மருந்துக்கு அளவுக் கரண்டி எப்படியோ அப்படி. முதல் மாதம் நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு கைக்கு ஒரு நிமிடம், வாரம் மூன்று நாள், மறுநாள் காலையில் பெருவிரலடியில் சிறு நோவு தெரிந்தாலும் அந்த வாரம் பந்து பெட்டிக்குள். மாதம் 500 சுற்றுக்கு மேல் ஏற்றுவதில்லை. வெறும் 500தானே என்று தோன்றும். 3,500இலிருந்து 4,000க்குப் போவதே விசையில் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்வு என்று தங்கை மகன் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். பந்தைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடிக்காமல், நழுவாத அளவுக்கு மட்டும் பிடிப்பதும், தோளையும் முழங்கையையும் வீசாமல் மணிக்கட்டைச் சிறு வட்டமாக மட்டும் அசைப்பதும் பழக எனக்குப் பத்து நாள் ஆயிற்று. வேகம் இறங்கினால் இன்னும் வேகமாக ஆட்டத் தோன்றும். அப்போதெல்லாம் வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கி, பந்து கையை இழுக்கும் தாளத்தோடு போனால், ஓசை தானே உயரும்.

அழுத்துக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மேல் எழுதியிருக்கும் கிலோவை மருத்துவமனைக் கருவியின் கிலோவோடு ஒப்பிடாதீர்கள். கைப்பிடியின் நுனியில் அழுத்துவதற்கும் நடுவில் அழுத்துவதற்கும் தேவைப்படும் விசை வேறு. ஆளுக்கொரு முறையில் அளந்து எண் போடுகிறார்கள். என்னுடையதில் 20 என்று காட்டுவதை நான் முழுதாக மூடிய நாளில், மருத்துவமனைக் கருவி 15 காட்டியது.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று பந்துகளும் அழுத்துக் கருவியுமாக 202 வெள்ளி 80 காசு. அந்தப் பெருவிரல் வலிக்காக மருத்துவம், சிகிச்சை, ஸ்பிளிண்ட் ஆகியவற்றுக்கு என் கையிலிருந்து போனது ஏறத்தாழ 210 வெள்ளி. விடுப்பு நான்கு நாள். விடுப்பு எடுக்கத் தயங்கித்தான் அந்த மூன்றாம் சந்திப்பை விட்டேன் என்பதை நினைக்க இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. எலும்பு முறிந்தவர்களும், எலும்பு தேய்வு உள்ளவர்களும், இரவில் விரல் மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்களும் பந்தை வாங்குமுன் ஒரு முறை காட்டிக் கேட்டுவிடுங்கள். அடிபடாத, நலமான கை உள்ளவர்களுக்கு இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படாது. அவர்களும் திரை உள்ளதையே வாங்குங்கள்.

2024 நவம்பரில் கடைசியாக அளந்தபோது வலக்கை 19 கிலோ, இடக்கை 23. அதற்குச் சில நாள் முன்பு வந்த தீபாவளிக்குத் தங்கை வீட்டில் மூன்று கிலோ மாவுக்கு முறுக்குச் சுட்டோம். ஒரு கிலோவை நான் பிழிந்தேன். இரண்டாவது கிலோவைத் தொடங்கும்போது தங்கை அச்சை வாங்கிக்கொண்டாள், நானும் கொடுத்துவிட்டேன். ஊறுகாய்ப் புட்டியை மட்டும் இன்னும் என் கணவர்தான் திறந்து தருகிறார்.